தமிழ்க் கணித நூலுக்கு எழுத்துரு: உரைக்கும் சமன்பாட்டுக்கும் பொருந்தும் இணை எது?

ஏற்காடு கணித ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் இப்போது ஏற்காட்டில் வசிக்கிறேன். தமிழ் வழியில் படிக்கும் பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் பயன்படுத்தும்படி வகை நுண்கணிதப் பயிற்சி நூல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். டெமி அளவில் ஏறத்தாழ 220 பக்கங்கள் வரும். சேலத்தில் ஆஃப்செட்டில் 500 படிகள் அச்சிட எண்ணம்.

முதலில் கையெழுத்துப் படியை ஒரு டிடிபி நிலையத்தில் கொடுத்தேன். அங்கே பாமினி எழுத்துருவில் அடித்தார்கள். புரூஃப் கைக்கு வந்தபோது சார்பின் வரையறை இருந்த பக்கத்தைப் பார்த்துத் திகைத்துப் போனேன். எஃப் இருக்க வேண்டிய இடத்தில் க, எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ல. பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றியதில், ஆங்கில எழுத்துகளெல்லாம் பாமினியின் விசைப்படி தமிழாகிவிட்டன என்று பிறகுதான் விளங்கியது. திருத்தித் தந்தார்கள், ஆனால் 220 பக்கத்திலும் எங்கெங்கே இப்படி ஆகியிருக்கும் என்று தேடுவதைவிட, நானே யூனிகோடில் அடித்துவிடலாம் என்று முடிவு செய்து, ஆறு மாதங்களாக லேடெக் என்னும் கணித நூல் கோக்கும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, யூனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் அதன் வடிவமான சீலேடெக்கில் நூல் முழுவதையும் கோத்துவிட்டேன்.

இப்போதுள்ள சிக்கல்கள் வேறு. உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கணிதத்துக்கு லேட்டின் மாடர்ன் மேத் என்று வைத்திருக்கிறேன். திரையில் நன்றாகத்தான் தெரிகிறது. அச்சிட்டுப் பார்த்தால், தமிழ் மையால் எழுதியது போலவும் சமன்பாடு பென்சிலால் எழுதியது போலவும் இருக்கிறது. பகுதி பகுதியாக வரையறுக்கப்பட்ட சார்பு ஒன்றில் நிபந்தனைக்குப் பக்கத்தில் நான் அடித்த "எனில்" என்ற சொல் மூன்று வரிகளிலும் காணாமல் போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் திரையில் வரவில்லை. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,515 மீட்டர் என்பதை வைத்து ஒரு மாறுவீதக் கணக்கு அமைத்திருக்கிறேன். அந்த எண்ணைச் சமன்பாட்டுக்குள் அடித்ததும் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்து, ஒன்று, ஐந்நூற்றுப் பதினைந்து என்னும் வரிசைச் சோடியைப் போலத் தோன்றுகிறது. இவை தவிர, உரைக்குள் வரும் 25-உம் சமன்பாட்டுக்குள் வரும் 25-உம் ஒரே பக்கத்தில் வேறு வேறு உருவத்தில் நிற்கின்றன.

எந்தக் கணித எழுத்துருவை எந்தத் தமிழ் எழுத்துருவோடு இணைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

செவ்வாய்பேட்டை பக்க வடிவமைப்பாளர்

ஐயா, வணக்கம். அச்சகத்தில் 22 ஆண்டுகளாகப் பக்கம் கோத்து வருகிறேன். பள்ளி வினாத்தாள், பயிற்சி நூல் எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. நீங்கள் பென்சில் என்று சொன்னது மிகச் சரியான ஒப்பீடு. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளை உருவாக்கிய கணினி அறிஞர் டொனால்ட் க்னூத், 1977-இல் தம் கணினியியல் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த ஒளியச்சுப் புரூஃபின் தரம் பிடிக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினார். அவர் வடித்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவுக்கு மோனோடைப் நிறுவனத்தின் மாடர்ன் 8ஏ என்னும் ஈய எழுத்தே முன்மாதிரி. ஈய எழுத்தைத் தாளில் அழுத்தும்போது மை சற்றே பரவி மெல்லிய கோடும் கொஞ்சம் கனத்து நிற்கும். இன்றைய பிளேட்டில் அந்தப் பரவல் கிடையாது. கோப்பில் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மெல்லியதாகவே தாளில் இறங்கும். லேட்டின் மாடர்ன் அதே குடும்பத்தின் வாரிசு. ஆகவே அதன் நேர்கோடுகள் கனமாகவும் இணைப்புக் கோடுகள் மயிரிழை போலவும் இருக்கின்றன. தமிழிலோ ஒவ்வோர் எழுத்தும் சுழியும் வளைவுமாக மை நிறைந்து நிற்பது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழுக்கு மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்கள் இருப்பதால், தமிழை ஒரு படி இறக்கி லைட் கனத்தில் வைத்துச் சமன்பாட்டோடு பொருத்தலாம். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் நூல் ஜெராக்ஸ் கடைக்குப் போகும், ஐயா. மாணவர்கள் நூலில் ஓர் அத்தியாயத்தை நகலெடுப்பார்கள், அந்த நகலை இன்னொருவர் நகலெடுப்பார். மூன்றாம் நகலில் முதலில் மறைவது மயிரிழைக் கோடுகள்தாம். அதைவிட ஆபத்தானது, வகைக்கெழுவைக் குறிக்க எழுத்தின் வலப்புற மேல்முனையில் இடும் சிறு மேல்கோடு. அது சற்றுத் தேய்ந்தால் அடுக்கு ஒன்று போலத் தெரியும், இன்னும் தேய்ந்தால் இல்லாமலே போகும். எஃப்-இன் வகைக்கெழு என்பது எஃப் என்றே ஆகிவிடும். நுண்கணித நூலில் இதைவிடப் பெரிய பிழை வேறென்ன இருக்க முடியும்?

ஆகவே தமிழை அப்படியே விட்டுவிட்டுக் கணித எழுத்துருவைக் கனமாக்குங்கள். ஸ்டிக்ஸ் டூ மேத் எழுத்துருவையும், போலந்தின் குஸ்ட் என்னும் டெக் பயனர் குழுவினர் வெளியிட்ட டெக் கைர் பஜெல்லா மேத் எழுத்துருவையும் பாருங்கள். முன்னது டைம்ஸ் வழி வந்தது, இடத்தைச் சிக்கனமாகப் பிடிக்கும். பின்னது ஹெர்மன் சாஃப் வடித்த பலாட்டினோ வழி வந்தது, எழுத்துகள் அகன்று திறந்து இருக்கும், இளம் மாணவர்கள் படிக்கத் தோதானது. டெமி அளவுப் பக்கத்தில் நீளமான சமன்பாடுகள் அதிகம் என்றால் ஸ்டிக்ஸ், இல்லாவிட்டால் பஜெல்லா என்பது என் எண்ணம். இரண்டும் இலவசமே, பிடிஎஃப்-இல் பதித்து அச்சிட உரிமத் தடை எதுவும் இல்லை.

அளவு விகிதம் பற்றியும் ஒரு சொல். லேடெக்கில் எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பில், இரண்டு எழுத்துருக்களின் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரத்தை அளந்து தானாகவே ஒப்பாக்கும் வசதி இருக்கிறது. தமிழுக்கு அதை நம்ப வேண்டாம். தமிழில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ப, ட, க ஆகியவற்றின் உடல் உயரம் பெரும்பாலான எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தைவிடக் கூடுதலாகவும் பெரிய எழுத்தைவிடக் குறைவாகவும் இருக்கும். "ப"வையும் சாய்ந்த எக்ஸையும் ஒரே வரியில் மாற்றி மாற்றி அடித்து, விகிதத்தை 0.88-இலிருந்து 0.96 வரை 0.02 வீதம் ஏற்றி ஒரே தாளில் அச்சிட்டு, கை நீட்டி ஒரு முழத் தொலைவில் பிடித்துப் பாருங்கள். எந்த வரியில் எக்ஸும் கண்ணை இழுக்காமல் தமிழும் கண்ணை இழுக்காமல் இருக்கிறதோ அதுவே உங்கள் எண். வரி இடைவெளியை 10 புள்ளி எழுத்துக்கு 14.5-க்குக் குறையாமல் வையுங்கள். "கூ", "ஞு" கீழே இறங்குவதும் "ழீ", "ர்" மேலே ஏறுவதும் போதாதென்று, வரிக்கு நடுவில் ஒரு பின்னமோ தொகையீட்டுக் குறியோ வந்தால் அடுத்த வரியோடு மோதிக்கொள்ளும்.

சோதனைத் தாளை வீட்டு இங்க்ஜெட்டில் எடுக்க வேண்டாம். நூலுக்கு வாங்கப் போகும் தாளிலேயே ஒரு பக்கம் லேசரில் எடுத்து, அதையே மூன்று முறை நகலெடுத்துப் பாருங்கள்.

கருப்பூர் ஆய்வு மாணவி

வணக்கம் ஐயா. கணித ஆய்வேட்டைத் தமிழ்ச் சுருக்கத்தோடு லேடெக்கில் கோத்து வருவதால், நீங்கள் சொன்ன ஒவ்வொரு சிக்கலையும் நானும் கடந்து வந்திருக்கிறேன்.

"எனில்" மறைந்ததற்குக் காரணம் எளியது. சமன்பாட்டுக்குள் அடிக்கும் எழுத்தெல்லாம் கணித எழுத்துருவிலிருந்தே எடுக்கப்படும். லேட்டின் மாடர்ன் மேத்தில் தமிழ் எழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்தை டெக் ஓசையின்றி விட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் மட்டும் "விடுபட்ட எழுத்து" என்று ஒரு வரி எழுதி வைக்கும். எந்தக் கணித எழுத்துருவுக்கு மாறினாலும் இது தீராது. லேடெக்கில் கணிதம் கோக்க உதவும் ஏஎம்எஸ்மேத் தொகுப்பின் டெக்ஸ்ட் கட்டளைக்குள் "எனில்" என்பதை வையுங்கள். அது உரையின் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதோடு, விடுபட்ட எழுத்தை முழுப் பிழையாகவே கருதிக் கோப்பை நிறுத்தும்படி ஓர் அமைப்பு, டெக் லைவ் என்னும் மென்பொருள் தொகுப்பின் அண்மைய பதிப்புகளில் இருக்கிறது. டிரேசிங் லாஸ்ட் கேர்ஸ் என்பதன் மதிப்பை 3 ஆக்கிவிட்டால் போதும். 220 பக்கத்தில் இன்னும் எத்தனை "எனில்" மறைந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், ஐயா.

1,515 சிக்கலுக்கும் எழுத்துருவுக்கும் தொடர்பில்லை. கணிதப் பகுதிக்குள் காற்புள்ளியை டெக் நிறுத்தக்குறியாகக் கருதி அடுத்து இடைவெளி விடுகிறது. காற்புள்ளியை மட்டும் நெளிவு அடைப்புக்குள் இட்டால் இடைவெளி போய்விடும். 1,00,000 போன்ற எண்களில் இரண்டு காற்புள்ளிகளுக்கும் இதையே செய்ய வேண்டும்.

இலக்கங்களின் உருவ வேறுபாட்டுக்கு நான் பின்பற்றும் விதி ஒன்றுதான். கணக்கில் பங்கு பெறும் எண், அது வரிக்கு நடுவே தனியாக வந்தாலும், கணிதப் பகுதிக்குள்தான் அடிக்கப்பட வேண்டும். பக்க எண், ஆண்டு, அத்தியாய எண் ஆகியவை மட்டும் உரை எழுத்துருவில் இருக்கட்டும். கழித்தல் குறியும் இதனால் சரியாகிவிடும். உரையில் அடித்த மைனஸ் 3 உண்மையில் சிறு இணைப்புக்கோடு இட்ட 3 மட்டுமே.

எழுத்துருத் தேர்வில் அச்சக அண்ணன் சொன்ன கனத்தின் முக்கியத்துவத்தை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, ஒன்று போலத் தோன்றும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் திறனையும் பாருங்கள். டைம்ஸ் வழி வந்த எழுத்துருக்களில் சாய்ந்த வி-யும் கிரேக்க நியூ-வும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். திசைவேகத்துக்கு வி, அதிர்வெண்ணுக்கு நியூ என்று இயற்பியல் சார்ந்த கணக்கில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவார். சாய்ந்த ஏ-யும் ஆல்ஃபாவும், டபிள்யூ-வும் ஒமேகாவும், பெருக்கல் குறியும் எக்ஸும் அப்படியே. இந்த இணைகளை மட்டும் ஒரே வரியில் அடித்து, 10 புள்ளியிலும், கீழ்க்குறியாக வரும் 7 புள்ளியிலும் எடுத்துப் பாருங்கள்.

தேற்றங்களை எப்படிக் கோத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. லேடெக் தன் இயல்பில் தேற்றத்தின் வாசகத்தைச் சாய்வெழுத்தில் இடும். தமிழுக்குச் சாய்வெழுத்து என்று ஒரு மரபே இல்லாததால், எழுத்துருவை இயந்திரமாகச் சாய்த்துப் போலிச் சாய்வு உண்டாக்கச் சிலர் முயல்கிறார்கள். சுழிகளெல்லாம் விழப் போவது போல ஆகிவிடுகின்றன. தேற்றத்தின் பாணியை "வரையறை" பாணிக்கு மாற்றி நேரெழுத்திலேயே வைத்து, "தேற்றம்" என்ற தலைச்சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் இடுங்கள்.

இதிலிருந்து எனக்கு வேறோர் எண்ணமும் தோன்றியது. ஆங்கில நூலில் மாறிகளைச் சாய்ப்பதால், சுற்றியுள்ள சொற்களிலிருந்து அவை பிரிந்து தெரிகின்றன. தமிழ்ப் பக்கத்தில் லத்தீன் எழுத்து எப்படி நின்றாலும் பிரிந்துதான் தெரியும். அப்படியானால் சாயாத கணித எழுத்துரு தமிழோடு இன்னும் இயல்பாகப் பொருந்தாதா? அமெரிக்கக் கணிதக் கழகத்துக்காக ஹெர்மன் சாஃப் வடித்த ஆய்லர், நல்ல கையெழுத்துக்காரர் கரும்பலகையில் எழுதுவதை நினைவூட்டும் நேரெழுத்து. க்னூத் இணையாசிரியராக இருந்த ஒரு கணித நூல் 1989-இல் அதில்தான் வெளிவந்தது. சீலேடெக்கில் நேரடியாகப் பயன்படும் அதன் ஓப்பன்டைப் வடிவம் இப்போது டெக் லைவ் தொகுப்பிலேயே கிடைக்கிறது. தமிழ் உரைக்கு நடுவே அதை வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே பேனாவில் எழுதியவை போல எனக்குத் தோன்றின.

ஓமலூர் முதுகலை ஆசிரியை

ஆய்வு மாணவியின் கருத்து அழகானது, அம்மா. ஆனால் இந்த நூலுக்கு ஆய்லர் வேண்டாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாணவர்கள் பாடநூலிலும் பொதுத்தேர்வு வினாத்தாளிலும் சாய்ந்த எக்ஸையே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். பயிற்சி நூலில் ஓர் உருவம், தேர்வறையில் இன்னோர் உருவம் என்றால், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைதான் இது வேறு குறியோ என்று ஒரு கணம் நிற்கும், அந்தப் பிள்ளைக்காகத்தானே பயிற்சி நூல் எழுதுகிறோம்?

ஐயா, கீழ்க்குறியில் தமிழ்ச் சொல் இடும் பழக்கம் உங்கள் நூலில் இருந்தால் அதையும் கவனியுங்கள். வி-க்குக் கீழே "தொடக்கம்", "இறுதி" என்று எழுதினால் பொருள் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் 7 புள்ளியில் "க்க"வும் "ட"வும் ஒரு கறையாகத்தான் தெரியும். எங்கள் வகுப்பில் அப்படி அச்சான ஒரு தாளை மாணவிகள் "துடக்கம்" என்றும் "தாக்கம்" என்றும் படித்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு, அவை எதைக் குறிக்கின்றன என்பதை உரையில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

ஏற்காடு கணித ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த பத்து நாட்களும் இதே வேலையாக இருந்தேன்.

மாணவி சொன்ன அமைப்பை முதலில் இட்டேன். கோப்பு 17 இடங்களில் நின்றது. "எனில்" மட்டுமல்லாமல், "மற்றும்", "அல்லது", "ஏனெனில்" என்று சமன்பாட்டுக்குள் நான் அடித்த இணைப்புச் சொற்களெல்லாம் ஆங்காங்கே விழுந்திருந்தன. "அல்லது" விழுந்துபோன ஒரு விடை, இரண்டு தீர்வுகளை ஒரே தீர்வு போலக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நெஞ்சு பதறியது. மூன்று முறை புரூஃப் படித்தும் என் கண்ணில் அது படவில்லை. எழுதியவன் கண், இல்லாத சொல்லையும் இருப்பதாகவே படித்துக்கொண்டு போயிருக்கிறது.

பிறகு ஸ்டிக்ஸ் டூ, பஜெல்லா, ஆய்லர் மூன்றிலும் ஒரே பக்கத்தைக் கோத்து, நூலுக்கு வாங்கப் போகும் மேப்லித்தோ தாளில் எடுத்து, கீழே சேலத்துக்கு வந்து மூன்று தலைமுறை நகலும் எடுத்தேன். லேட்டின் மாடர்னில் இருந்த பக்கத்தின் மூன்றாம் நகலில், வகைக்கெழுவின் மேல்கோடுகள் ஆறில் இரண்டு மறைந்துவிட்டன. பஜெல்லாவில் ஆறும் தெளிவாக நின்றன. ஸ்டிக்ஸிலும் நின்றன, ஆனால் வி, நியூ குழப்பத்தை என் கண்ணாலேயே தீர்க்க முடியவில்லை. ஆய்லர் பக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேராசிரியர் பலகையில் எழுதிய எழுத்து நினைவுக்கு வந்தது. ஆயினும் ஓமலூர் அம்மையார் சொன்ன காரணத்துக்கு மறுமொழி இல்லை. பஜெல்லா என்று முடிவு செய்தேன். விகிதம் தமிழுக்கு 0.92, வரி இடைவெளி 15 புள்ளி. பக்கம் 220-இலிருந்து 236 ஆகிறது. அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. மாறியோடு வேற்றுமை உருபு சேரும் இடம். "எக்ஸ்-இன் மதிப்பு", "எஃப்-ஐ வகையிட" என்று நூலெங்கும் வருகிறது. நடுவில் உள்ள இணைப்புக்கோடு கழித்தல் குறி போலத் தோன்றுகிறது. சில வரிகளில் அந்தக் கோட்டோடு வரி உடைந்து, "இன்" மட்டும் அடுத்த வரியின் தலையில் போய் நிற்கிறது.

செவ்வாய்பேட்டை பக்க வடிவமைப்பாளர்

ஐயா, அந்தக் கோடு கணிதப் பகுதிக்கு வெளியே, தமிழ் எழுத்துருவிலிருந்து வர வேண்டும். பஜெல்லாவின் கழித்தல் குறி நீளமானது, தமிழ் எழுத்துருவின் இணைப்புக்கோடு அதில் பாதிகூட இருக்காது. அந்த வேறுபாடே குழப்பத்தைத் தீர்க்கும். வரி உடையாமல் இருக்க ஏஎம்எஸ்மேத் தொகுப்பிலேயே நோ பிரேக் டேஷ் என்ற கட்டளை உண்டு. மாறி, கோடு, உருபு மூன்றையும் சேர்த்து இடும் ஒரு சிறு கட்டளையை நீங்களே வரையறுத்துக்கொண்டு, நூல் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். பிறகு கோடே வேண்டாம், மெல்லிய இடைவெளி போதும் என்று தோன்றினால் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

மாறி அடுக்கோடு முடியும் இடங்களை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் வர்க்கத்துக்குப் பின் "-இன்" வரும்போது, மேலே நிற்கும் 2-க்கும் கீழே வரும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அங்கே "எக்ஸ் வர்க்கத்தின்" என்று சொல்லாகவே எழுதிவிடலாம். முழு பிடிஎஃப் தயாரானதும், எழுத்துருக்கள் எல்லாம் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதல் 16 பக்க ஃபாரத்தை மட்டும் அனுப்புங்கள். பிளேட் போடுவதற்கு முன் ஒரு புரூஃப் எடுத்துத் தருகிறேன்.